ஜாமீன் கிடைத்த மாலை, மருந்து யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறை நெரிசல், ஜாமீன் தாமதம், விசாரணைக் கைதிகளின் நிலை ஆகியவை பற்றி உங்கள் பக்கங்களில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. ஜாமீன் கிடைத்து வெளியே வந்தவரின் சிகிச்சை என்ன ஆகிறது என்பது மட்டும் யார் கணக்கிலும் வருவதில்லை. எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து எடுத்துவரும் ஒரு சிறைவாசிக்கு மிகவும் ஆபத்தான நாள் அவர் விடுதலையாகும் நாள்தான். அதைச் சரிசெய்யப் பெரிய பணம் தேவையில்லை, புதுச் சட்டமும் தேவையில்லை. சிறை நிர்வாகமும் மருத்துவத் துறையும் சேர்ந்து சில நடைமுறைகளை மாற்றினால் போதும் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறோம்.

நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலானவர்களில் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் ஏறத்தாழ 0.2 விழுக்காடு. மத்திய சிறைவாசிகளிடையே தேசியக் கண்காணிப்பில் தெரியவந்தது 2 விழுக்காட்டை ஒட்டிய அளவு. சிறைதான் தொற்றைத் தருகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தொற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகமுள்ள ஏழைகளும் போதை ஊசி பழகியவர்களும்தான் அதிகம் கைதாகிறார்கள். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 31-ஆவது பிரிவு, அரசின் காவலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தடுப்பு, ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை ஆகிய நான்கும் உரிமை என்கிறது. தண்டனைக் கைதிகள், விசாரணைக் கைதிகள், தடுப்புக் காவல் சட்டங்களில் அடைக்கப்பட்டவர்கள், அரசுக் காப்பகங்களில் இருப்பவர்கள் என்று யாரெல்லாம் என்பதையும் அதே பிரிவு சொல்லிவிடுகிறது. ஆகவே குண்டர் சட்டத்தில் உள்ளே இருப்பவருக்கும் இந்த உரிமை உண்டு.

புழல், வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை ஆகிய மத்திய சிறைகளில் இருப்பவர்களுக்கு மருந்தைக் கொண்டு சேர்க்க வழி இருக்கிறது. கிளைச்சிறைகளில் நிலைமை வேறு. அங்கே முழுநேர மருத்துவர் கிடையாது, பக்கத்து அரசு மருத்துவமனை மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். ரிமாண்ட் செய்யப்பட்டவர்கள் பலர் முதலில் போய்ச் சேர்வது அங்கேதான்.

மருந்து முதலில் அறுவது கைதின்போது. வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவரிடம் மாத்திரை இருக்காது. இருந்தாலும் உடைமைகளோடு சேர்த்து வாங்கி வைத்துவிடுவார்கள். ரிமாண்டுக்கு முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் காயம் இருக்கிறதா என்று பார்த்து எழுதுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. பக்கத்தில் காவலர் நிற்கையில் “எச்.ஐ.வி. இருக்கிறதா?” என்று கேட்டால் யாரும் ஆம் என்று சொல்ல மாட்டார்கள். “தினமும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? எந்த ஆஸ்பத்திரியில் வாங்குகிறீர்கள்?” என்று கேட்டால் சர்க்கரை நோயாளியும் சொல்வார், காசநோயாளியும் சொல்வார், இவரும் சொல்வார். இந்த ஒரு கேள்வியைப் பரிசோதனைப் படிவத்திலேயே அச்சடித்துவிடலாம். மருந்து தொடர வேண்டும் என்று ரிமாண்ட் உத்தரவில் ஒரு வரி சேர்க்கும்படி நீதித்துறை நடுவரிடம் வழக்கறிஞர் கேட்கலாம். நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை, “தொடர் மருந்து” என்றாலே போதும்.

உள்ளே போனபின் பரிசோதனை. சம்மதம் பெற்றுத்தான் செய்ய வேண்டும், சேர்க்கைச் சடங்கில் ஒன்றாக எல்லாருடைய விரலையும் குத்தக் கூடாது. அரை மணி நேரத்தில் முடிவு தெரியும் விரைவுப் பரிசோதனை முதல் கட்டம் மட்டுமே. அதில் தொற்றின் அறிகுறி தெரிந்தால், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்தில் வெவ்வேறு வகையான மூன்று பரிசோதனைகள் செய்துதான் உறுதிப்படுத்த வேண்டும். சிக்கல் இங்கேதான். சிறைவாசியை வெளியே அழைத்துப்போக வழிக்காவலர்கள் வேண்டும். ஆள் பற்றாக்குறையால் தேதி தள்ளிப்போகும், அதற்குள் ஜாமீனில் போய்விடுவார், முடிவு தெரியாமலே. ஆளை அனுப்புவதற்குப் பதிலாக இரத்த மாதிரியை அனுப்புங்கள் என்பதே எங்கள் முதல் கோரிக்கை. உறுதிப் பரிசோதனைக்கும், இரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று காட்டும் வைரஸ் அளவுப் பரிசோதனைக்கும் மாதிரி அன்றே ஆய்வகம் சேர்ந்தால் போதும். ஒரு குளிர்ப்பெட்டியும் ஒரு பணியாளரும் இருந்தால் நடக்கிற காரியத்துக்கு ஒரு போலீஸ் வேன் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தவருக்கு மூன்று மாதம் கழித்து மறுபடி செய்ய வேண்டும். தொற்றிய முதல் வாரங்களில், பரிசோதனை தேடும் எதிர்பொருள் உடலில் உருவாகியிருக்காது என்பதால் முதல் முடிவை மட்டும் நம்ப முடியாது.

இப்போது தரப்படும் கூட்டு மருந்து எளிமையானது. டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50, மூன்றும் ஒரே மாத்திரையில். நாளொன்றுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ. எந்த நேரத்தில் வேண்டுமானாலும் போடலாம் என்பதால் சிறையில் காலை அறை திறக்கும் நேரமே நல்லது என்பது எங்கள் கருத்து. வாய்தா நாளில் நீதிமன்றம் கிளம்பும் முன்பே மருந்து உள்ளே போயிருக்கும். மாலையில் திடீரென்று விடுதலையானாலும் அன்றைய வேளை முடிந்திருக்கும், அடுத்த மாத்திரைக்கு மறுநாள் காலை வரை அவகாசம் இருக்கும். இரவு அறை பூட்டும் நேரத்தில் மருந்து தரும் வழக்கம் இருந்தால் வாய்தா நாட்களிலும் விடுதலை நாளிலும் தவறிப்போகும். தவறினால் அன்றைக்குள் நினைவு வந்தவுடன் போட வேண்டும், மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

சிறை மருத்துவமனையில் அதிகம் கொடுக்கப்படும் சில மருந்துகள் டோலுடெக்ராவிருக்கு ஒத்துவராது. அலுமினியம், மக்னீசியம் கலந்த சப்பும் மாத்திரையும் வயிற்றெரிச்சல் சிரப்பும் அதன் வேலையைக் கெடுக்கும். அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் கூட்டு மருந்து போட வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையால் பிரச்சினை இல்லை. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே இடைவெளி வேண்டும், அல்லது இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் தனியாக இன்னொன்று தேவை. அந்த மாலை மாத்திரையை அறை பூட்டுவதற்கு முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும். வலிப்புக்கோ மனநலத்துக்கோ கார்பமசெபின் எடுப்பவருக்கும் இதே இரண்டு வேளைக் கணக்குத்தான். இவற்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டு வைரஸ் அளவு குறையவில்லையே, இவர் மருந்தைத் துப்பிவிடுகிறார் போல என்று சிறைவாசிமேல் பழி போடுவது நியாயமல்ல.

ரகசியம் காக்கப்படாத இடத்தில் சிகிச்சை நிற்காது. குறிப்பிட்ட சிலரை மட்டும் தினமும் ஒரே நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது நாள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு தட்டை ஒதுக்கி வைப்பார்கள், பாய் பக்கத்தில் யாரும் படுக்க மாட்டார்கள். அதற்குப் பயந்தே மருந்தை வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், காசநோய், இவர்கள் எல்லாருக்கும் ஒரே வரிசையில் மருந்து கொடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். உதவியாளராக இருக்கும் சக சிறைவாசி கையால் மருந்து கொடுக்கவே கூடாது. மருத்துவமனைச் சீட்டு வழிக்காவலர் கையில் திறந்தபடி போகக் கூடாது, ஒட்டிய உறையில் போக வேண்டும். தொற்று உள்ளவர்களைத் தனி அறையில் வைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவுமே இல்லை. இன்னொன்று: மாத்திரைக் குப்பிக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் இருக்கும். அடையாளம் தெரியாமல் இருக்கட்டும் என்று மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து மாதக்கணக்கில் வைத்தால் நம்மூர் ஈரக்காற்றில் அவை கெட்டுவிடும். மேல் லேபிளை உரித்துவிட்டு, தொகுதி எண்ணையும் காலாவதித் தேதியையும் குப்பியின் அடியில் எழுதி வைப்பதே சரி.

இனி விடுதலை நாள். தண்டனை முடிந்து போகிறவரின் தேதி முன்பே தெரியும். விசாரணைக் கைதிக்கு அப்படியல்ல. உத்தரவு எந்த நாளும் வரலாம். ஜாமீன் உத்தரவின் மென்படியை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவின்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர்கள், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்திருந்தால் விடுவிக்கப்படலாம். இவை நல்ல மாற்றங்கள், வரவேற்கிறோம். விடுதலை வேகமாகும்போது மருத்துவப் பிரிவுக்குத் தகவல் போகாமலே ஆள் வெளியேறுவதும் கூடும் என்பதை மட்டும் சேர்த்து யோசிக்க வேண்டும். உத்தரவு மாலையில் வந்தால் அந்நேரம் மருந்தாளுநர் வீட்டுக்குப் போயிருப்பார், சிகிச்சைப் புத்தகம் பூட்டிய அலமாரியில் இருக்கும். வாசலில் பணம், துணி, கைப்பேசி எல்லாவற்றையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பித் தருவார்கள். மருந்து அந்தப் பட்டியலில் கிடையாது.

மருந்து நின்ற இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலோரின் இரத்தத்தில் வைரஸ் மறுபடி தெரியத் தொடங்கும். வைரஸ் அளவு கட்டுக்குள் இருந்தவரை மனைவிக்கோ கணவருக்கோ உடலுறவு வழியாகத் தொற்றாது. இடைவெளி விழுந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், அதுவும் வீடு திரும்பிய அதே வாரங்களில். விட்டுவிட்டுப் போடுவதால் மருந்துக்கு எதிர்ப்பு உருவாகும். பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. ஹெபடைடிஸ் பி தொற்றும் சேர்ந்து இருப்பவருக்கு இதே மாத்திரையிலுள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும்தான் அந்த வைரஸையும் அடக்கி வைத்திருக்கின்றன. திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி சீறிக் கிளம்பி உயிரையே பறிக்கலாம்.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2004-க்கும் 2007-க்கும் இடையில் விடுதலையான, கூட்டு மருந்தில் இருந்த 2,115 பேரைப் பற்றிய ஆய்வு 2009-ல் வெளியானது. அவர்கள் கையில் 10 நாள் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அது தீர்வதற்குள் அடுத்த மருந்தை வாங்கியவர்கள் 5.4 விழுக்காடுதான். 30 நாளுக்குள் வாங்கியவர்கள் 17.7 விழுக்காடு, 60 நாளுக்குள் 30 விழுக்காடு. அங்கே மருந்துக்குப் பணமும் விண்ணப்பமும் வேண்டும், இங்கே இலவசம். இருந்தாலும் 10 நாள் என்பது வேலை தேடி, வீட்டாரைச் சமாளித்து, ஜாமீன் நிபந்தனைக்காகத் தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டு அலையும் ஒருவருக்குப் போதவே போதாது என்பது தெரிகிறது. குறைந்தது 30 நாள் மருந்து கையில் இருக்க வேண்டும்.

“எப்போது போவார் என்றே தெரியாதவருக்கு எப்படி முன்கூட்டியே மருந்து ஒதுக்குவது? இருப்புக் கணக்கு என்ன ஆவது?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, விடையும் இருக்கிறது. சிறைவாசி ஒவ்வொருவருக்கும் முதல் மாதம் இரண்டு குப்பிகள் வழங்க வேண்டும். ஒன்று பயன்பாட்டுக்கு. மற்றது 30 மாத்திரையோடு பிரிக்காத குப்பி, ஒரு சாதாரணத் துணிப்பையில் இருக்கும். அடுத்த மாதம் பையில் உள்ளதை எடுத்துப் பயன்படுத்திவிட்டு, புதிதாக வரும் குப்பியைப் பையில் வைக்க வேண்டும். இப்படிச் சுழற்றினால் எதுவும் காலாவதியாகாது, கணக்கிலும் அடுத்த மாத மருந்து ஒரு மாதம் முன்பே வழங்கப்பட்டது என்பதைத் தவிர வேறு மாற்றம் இருக்காது. மொத்தச் செலவு ஒரு துணிப்பை.

அந்தப் பையில் இன்னும் சில இருக்க வேண்டும். சிகிச்சைப் பதிவு எண் உள்ள பக்கத்தின் நகல், கடைசி வைரஸ் அளவு, எடுத்துவரும் பிற மருந்துகளின் பெயர், அவர் ஊருக்குப் பக்கத்திலுள்ள கூட்டு மருந்து மையத்துக்கான மாற்றுக் கடிதம், ஆலோசகரின் எண், தேசிய உதவி எண் 1097, ஆணுறைகள். காசநோய் மருந்தில் இருந்தால் அதிலும் ஒரு மாத அளவு. வெளியே எந்த எழுத்தும் வேண்டாம். பைகள் மருத்துவப் பிரிவின் பூட்டில் இருக்கக் கூடாது, இரவுப் பணியில் இருக்கும் அலுவலர் எடுக்கக்கூடிய இடத்தில் எண் மட்டும் போட்டு இருக்க வேண்டும். விடுதலைப் பதிவேட்டில் “தொடர் மருந்துப் பை பெற்றுக்கொண்டார்” என்று ஒரு கட்டம் சேர்த்தால் வாசலில் யாரும் மறக்க முடியாது. சர்க்கரை, வலிப்பு, மனநல மருந்து எடுப்பவர்களுக்கும் இதே பை கொடுக்கப்பட்டால் அதைப் பார்த்து யாரும் எதையும் ஊகிக்க முடியாது. அவர்களுக்கும் அது தேவைதான்.

கடிதத்தில் முகவரி பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். சிறைக்குள் சிகிச்சை தொடங்கியவரின் பதிவில் முகவரி இடத்தில் சிறையின் முகவரியும் தொலைபேசி இடத்தில் சிறையின் எண்ணும் இருப்பதுண்டு. அவர் வராவிட்டால் மையம் யாரை அழைக்கும்? முதல் தகவல் அறிக்கையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர் என்பதும் வழக்கம். ஆகவே எந்த எண்ணில் அழைக்கலாம், வீட்டில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக் கூடாது என்பதை அவரிடமே கேட்டு, சம்மதத்தோடு எழுதி வைக்க வேண்டும். கடிதமோ ஆதாரோ இல்லாமல் வருகிறவரையும் கூட்டு மருந்து மையம் திருப்பி அனுப்பக் கூடாது. முதலில் மாத்திரை, பிறகு காகிதம். சிறைவிட்டுச் சிறை மாற்றும்போதும் வேறொரு வழக்குக்காக நீதிமன்றம் வரவழைக்கும் பி.டி. வாரண்டில் வேறு மாவட்டம் போகும்போதும் பை கூடவே போக வேண்டும்.

பெண் சிறைவாசிகளில் எச்.ஐ.வி. தொற்றுள்ள கர்ப்பிணிகளுக்கு இன்னும் ஒரு சிக்கல் அதிகம். குழந்தை பிறந்த உடனே தடுப்பு மருந்து சிரப் தொடங்கி, குறைந்தது 6 வாரம் கொடுக்க வேண்டும். 6-ஆவது வாரத்தில் குழந்தைக்கு முதல் இரத்தப் பரிசோதனை, 6, 12 மாதங்களில் மறுபடி, 18-ஆவது மாதத்தில் இறுதி உறுதி. இடையில் தாய் ஜாமீனில் போனால் குழந்தையின் முடிவுத்தாள் சிறை முகவரிக்கு வந்து கிடக்கும். தாயின் பையில் குழந்தையின் அடுத்த பரிசோதனைத் தேதியும் இருக்க வேண்டும்.

தடுப்பு பற்றித் தயக்கமில்லாமல் பேச வேண்டும். சிறைக்குள் உடலுறவு நடக்கிறது, ஒரே ஊசியால் பச்சை குத்திக்கொள்கிறார்கள், ஒரே பிளேடு பல கைகளுக்குப் போகிறது. பிளேடு மூலம் எச்.ஐ.வி.யைவிட ஹெபடைடிஸ் பி, சி எளிதில் பரவும். முடிதிருத்தும் இடத்தில் ஆளுக்கு ஒரு பிளேடு என்பதை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆணுறை வைத்தால் ஒழுக்கம் கெடும் என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. வழிகாட்டு நெறிமுறைப்படி தொற்று அபாயத்தைக் குறைக்கச் செய்யும் எதையும் தடைசெய்யக் கூடாது, அது குற்றமாகாது என்று அதே சட்டத்தின் 22-ஆவது பிரிவு சொல்கிறது. ஆணுறையை மருத்துவ அறையில், கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி வைக்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கி 28 நாள் தர வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அந்த மருந்து ஞாயிறு இரவிலும் சிறை மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் தமிழ்நாட்டு இளைஞர்களிடம் பரவியிருப்பதை உங்கள் வாசகர்கள் அறிவார்கள். அவர்கள் கைதாகும்போது போதை மருந்து சட்டென்று நின்றுவிடுகிறது, உடலின் தாங்குதிறன் சில வாரங்களில் குறைந்துவிடுகிறது. வெளியே வந்ததும் பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களின் இறப்பு அபாயம் முதல் இரண்டு வாரங்களில் மற்றவர்களைப்போல 12.7 மடங்கு என்று 2007-ல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த இறப்புகளுக்கு முதன்மைக் காரணம் போதை மருந்தின் மிகை அளவு. போதை ஊசிக்குப் பதிலாக நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் பியூப்ரெனார்ஃபின் மாற்று மருந்தைத் தில்லி திகார் சிறையில் 2008-லேயே தொடங்கினார்கள். மருந்தை வாயிலிருந்து எடுத்துப் பிறருக்கு விற்றுவிடுவார்கள் என்ற அச்சம் உண்மையானதே. செவிலியர் முன்னால் 5 முதல் 10 நிமிடம் உட்கார வைத்து, கரைந்தபின் வாயைப் பார்த்து அனுப்புவதே அதற்கு வழி. நம் மத்திய சிறைகளிலும் இதைத் தொடங்க வேண்டும். விடுதலையாகும்போது தாங்குதிறன் குறைந்திருப்பதை அவரிடமும் வீட்டாரிடமும் வெளிப்படையாகச் சொல்லி அனுப்ப வேண்டும்.

பை கொடுத்து அனுப்பினால் மட்டும் போதாது, முதல் மாதம் ஒரு ஆள் துணை வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டச் சிறையிலிருந்து வெளிவந்தவர்களிடம், சிறையையும் எச்.ஐ.வி.யையும் தானே கடந்து வந்த ஒருவரைத் துணையாக அனுப்பிப் பார்த்தார்கள். அப்படித் துணை கிடைத்தவர்களிடம் ஓராண்டுக்குப் பிறகும் வைரஸ் கட்டுப்பாடு குறையவில்லை, கிடைக்காதவர்களிடம் வெகுவாகச் சரிந்தது. இங்கே மாவட்டந்தோறும் கூட்டு மருந்து எடுப்போரின் சங்கங்கள் இருக்கின்றன. விடுதலைக்கு முன்பே, பார்வையாளர்கள் சிறைவாசியைச் சந்திக்கும் மனு பார்க்கும் இடத்தில் ஒருமுறை சந்திப்பு, வெளியே வந்த மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு, பதினைந்தாம் நாளுக்குள் மையத்துக்குக் கூடவே போவது, இவ்வளவுக்குப் பயணப்படி கொடுத்தால் போதும்.

1986-ல் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றைச் சென்னையில் கண்டறிந்து, 1994-லேயே தனிச் சங்கம் அமைத்துப் பணியாற்றிய மாநிலம் இது. சிறைத்துறையும் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் இரண்டே எண்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும் என்று கேட்கிறோம். கூட்டு மருந்தில் இருந்தபடி விடுதலையானவர்கள் எத்தனை பேர், அவர்களில் 30 நாளுக்குள் வெளியிலுள்ள மையத்தில் மருந்து வாங்கியவர்கள் எத்தனை பேர். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். எண்கள் மட்டும் போதும்.

இப்படிக்கு,
எச்.ஐ.வி. சிகிச்சை மற்றும் ஆலோசனைப் பணியில் உள்ளவர்கள் சிலர்,
மதுரை.